சிப்பிகாட் ரோட்டில் தம்பி விடாத வழி

சத்தம் போடாமல் சிரிக்கும் என் அப்பாவுக்கு,

பிரபு வீட்டுக்கு வந்துவிட்டான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இளைத்திருக்கிறான். முடியை ஒட்ட வெட்டிவிட்டிருக்கிறார்கள். புரோத்ராபூர் ஜெயிலிலிருந்து நம் வீட்டுக்கு நடந்தே வந்துவிடலாம். ஆனாலும் அம்மா அவனை கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து வந்தவனைப் போல ஏற இறங்கப் பார்த்தாள். வாசலில் நிறுத்தித் தலையோடு தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் உள்ளே விட்டாள். சாப்பிடும்போது தலை நிமிரவேயில்லை. மறுசோறு மட்டும் கேட்டு வாங்கினான்.

நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று நான் யோசிக்கவில்லை அப்பா. நீங்கள் இருந்திருந்தால் அவன் அங்கே போயிருக்கவே மாட்டானே.

இதை நம் வீட்டுக்கு வெளியே இருப்பவர்களும் படிக்கப்போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் திருப்பிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் தேயிலை மலையில் பிறந்தவர் நீங்கள். தாயகம் திரும்பியவர்கள் என்று சொல்லிக் கப்பலேற்றி, நிக்கோபாரில் கச்சால் தீவில் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினீர்கள். சுனாமி வந்த காலையில் பிரபுவைக் கழுத்தில் உட்காரவைத்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அம்மாவை முன்னால் ஓடச்சொல்லி மேட்டுக்கு ஏற்றினீர்கள். அப்போது அவன் மூன்றாம் வகுப்பு. உங்கள் தலைமுடியை அவன் பிடித்த பிடியில் ஒரு கொத்து கையோடு வந்துவிட்டது. பிறகு போர்ட் பிளேரில் தகரக் கொட்டகையில் இருந்தோம். வெயிலில் அந்தத் தகரம் அடுப்பு மாதிரி இருக்கும். அதற்கப்புறம்தான் புரோத்ராபூரில் இந்த வாடகை வீடு. உங்களுக்குச் சிப்பிகாட் தோட்டத்தில் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை, எனக்குக் கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை. இனி நமக்கு ஒன்றும் வராது என்று நினைத்தேன். உயிர் பிழைத்து வந்தவர்களுக்கு அப்படி ஒரு நினைப்பு வந்துவிடுகிறது, இல்லையா அப்பா?

அவனுக்குப் பைக் வேண்டும் என்று உங்களிடம் வாதாடியது நான். "காலேஜுக்குப் பஸ்ல தொங்கிக்கிட்டுப் போறான்ப்பா" என்றேன். நீங்கள், "பஸ்ல தொங்குறவனுக்குப் பயம் இருக்கும் புள்ள. பைக்கு வந்தா அந்தப் பயம் போயிரும்" என்றீர்கள். நான் சிரித்தேன். கடைசியில் நீங்கள் எனக்காகத்தான் ஒத்துக்கொண்டீர்கள், அவனுக்காக இல்லை.

முதல் மாதம் எண்ணெய் தடவிய குழந்தையைப் போல அந்த வண்டியைத் துடைத்துத் துடைத்து வைத்தான். அப்புறம் சைலன்சரை மாற்றினான். ஞாயிற்றுக்கிழமைகளில் தபனோடு கிளம்பினான். தபன், நமக்கு மூன்று வீடு தள்ளியிருக்கும் பெங்காலி வீட்டுப் பையன், சின்ன வயதிலிருந்து இவனோடு ஒட்டிக்கொண்டு திரிந்தவன். சிப்பிகாட்டில் சுனாமிக்கு முன்னால் வயலாக இருந்து இப்போது உப்புத்தண்ணீர் நிற்கிறதே, அதன் ஓரமாகப் போகும் நேர்ரோடுதான் அவர்களுக்கு ரேஸ் நடத்தும் இடம். பத்துபஸ்தியிலிருந்துகூடப் பையன்கள் வருவார்கள். சிலர் கார் கொண்டுவருவார்கள். ஒரு முனையில் ஒருவன் கைக்குட்டையை வீசுவான், இன்னொரு முனையில் மற்றவர்கள் கத்துவார்கள். மாடு, சைக்கிள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், எல்லாம் நடமாடும் ரோடு அது.

ஒருநாள் நீங்கள் அவனை நேராகவே கேட்டீர்கள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"ரேஸ் விடுறியாமே?"

"யாரு சொன்னது?"

"எவன் சொன்னா என்ன? நான் அந்த ரோட்டுலதான்டா சைக்கிள்ல வாறேன் தெனமும்."

"ஒங்களுக்கு எடம் விட்டுத்தான்ப்பா ஓட்டுவோம்" என்று சொல்லிச் சிரித்தான். நீங்கள் சிரிக்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து காற்று முகத்தில் அடிக்கப் போனது எனக்கும் பிடித்திருந்தது. "இன்னும் கொஞ்சம் வேகமா போடா" என்று சொல்லியும் இருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தோட்டத்தில் வேலை முடித்து வந்துகொண்டிருந்தீர்கள். இங்கேதான் சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடுமே, அந்த வெளிச்சம் குறைகிற நேரம். ரோட்டின் குறுக்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்தீர்கள். பிரபு வண்டியும் தபன் வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. தபனுடைய வண்டிதான் உங்கள் மேல் மோதியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பிரபு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னான். "நான் எடம் விடலக்கா. அவன் என் பக்கமா ஒதுங்கப் பாத்தான். நான் விடல." அவன் சட்டை முழுக்க உங்கள் ரத்தம். திரும்பி வந்து உங்களைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தானாம். அதற்குள் டாக்டர் வெளியே வந்து தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

போலீஸ்காரர்கள் கேட்டபோது பிரபு, "நான் பின்னாடி தூரமா வந்தேன், தபன்தான் வேகமா போனான்" என்று எழுதிக் கொடுத்தான். மாமா பக்கத்தில் நின்று அப்படிச் சொல்லச் சொன்னார். பெண்டாட்டி பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுக் கச்சாலிலிருந்து நம்மோடு வந்தவர் அவர். அவரை எப்படிக் குறைசொல்வது? மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அத்தான் போயிட்டாரு. இவனையும் உள்ள தள்ளிட்டா ஒங்கம்மா தாங்காது. அடுத்த சென்னைக் கப்பல்ல இவனுக்கு ஒரு டிக்கெட் போட்டுரு. மெயின்லேண்ட் போயிட்டான்னா எல்லாம் அடங்கிரும்."

"தபன்?"

"அவன் வண்டிதானே இடிச்சது?"

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. கவுண்டரில் எங்கள் ஆளிடம் சொல்லி கப்பலின் படுக்கைத் தட்டில் ஒரு பங்க் டிக்கெட் வாங்கியும்விட்டேன் அப்பா. கைப்பையில் வைத்திருந்தேன்.

மறுநாள் தபனுடைய அம்மா வந்தார். அவனைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். வீட்டுக்குள் வரவில்லை, படிக்குக் கீழேயே நின்றார். நான் வெளியே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேரா தபன் அகேலா நஹீ தா, பேட்டி" என்றார். என் தபன் தனியாக இல்லை மகளே என்கிறார். சண்டை போட வந்தவராக இருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். அவர் அழக்கூட இல்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். உள்ளே அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிரபு கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் காலையில் அவன் எழுந்திருப்பதற்கு முன்னால் கிளம்பினேன். அம்மாவிடம் வேலைக்குப் போவதாகச் சொன்னேன். போனது தாணாவுக்கு, போலீஸ் ஸ்டேஷனுக்கு. அங்கே இருந்த அதிகாரி நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். "ஸோச் லோ மேடம், ஆப்கா பாயி ஹை" என்றார். யோசித்துக்கொள்ளுங்கள், உங்கள் தம்பி என்று அவர் எனக்கு ஞாபகப்படுத்தினார். யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன். பொய். யோசித்திருந்தால் வந்திருக்க மாட்டேன். தம்பி என்னிடம் ஆஸ்பத்திரியில் சொன்னது அத்தனையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

மதியம் வீட்டுக்கு வந்து அவனைக் கூட்டிப்போனார்கள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. தட்டில் சோறு போட்டு வைப்பாள், கூப்பிட மாட்டாள். ஒரே ஒரு தடவை, உங்கள் வருஷத் திதி அன்றைக்கு, படையல் போட்ட இலைக்கு முன்னால் உட்கார்ந்து உங்களிடம் சொல்வது போலச் சொன்னாள். "தண்ணியில இருந்து தூக்கியாந்த புள்ளய நெலத்துல பிடிச்சுக் குடுத்துட்டா." நான் அடுப்படியில் நின்று கேட்டேன். அவள் சொன்னதிலும் பொய் இல்லையே அப்பா.

கேஸ் வருஷக்கணக்கில் இழுத்தது. ஜாமீனில் வந்த பிரபு மாமா வீட்டில்தான் இருந்தான். கடைசியில் கோர்ட்டில் கேட்டபோது, வக்கீல் சொல்லிக்கொடுத்தது எதையும் சொல்லாமல், "ஆமா, ரெண்டு பேரும் ரேஸ்தான் விட்டோம்" என்று அவனே ஒத்துக்கொண்டான். இரண்டு பேருக்கும் தண்டனை. லைசென்ஸ் இல்லாததால் தபனுக்குக் கூடுதல்.

ஜெயிலில் அவனைப் பார்க்கப் போன முதல் தடவை என்ன பேசுவது என்று தெரியாமல், சாப்பாடு எப்படி என்று கேட்டேன். பருப்பு பரவாயில்லை என்றான். கிளம்பும்போது கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாகச் சொன்னான்.

"நீ தாணாவுக்குப் போன அன்னிக்கி, நானே போறதாத்தான்க்கா இருந்தேன். குளிச்சிட்டுப் போலாம்னு இருந்தேன்."

அதற்கப்புறம் எனக்குச் சரியான தூக்கமே இல்லை. உண்மையாகவே போயிருப்பானா? அல்லது ஜெயிலுக்குள் உட்கார்ந்து அப்படி நினைத்துக்கொள்கிறானா? அவன் போயிருப்பான் என்றால், அவன் வாழ்க்கையில் செய்திருக்கக்கூடிய ஒரே பெரிய காரியத்தை நான் முந்திக்கொண்டு பிடுங்கிவிட்டேன். ஒரு சொல், "எழுந்திருடா, ரெண்டு பேரும் போகலாம்" என்று ஒரே ஒரு சொல் சொல்லி எழுப்பியிருக்கலாம். மாட்டேன் என்று சொல்லிவிடுவானோ என்ற பயம். அவனை நம்பவில்லை நான். அவன் வழிவிடவில்லை என்று தாணாவில் எழுதிக் கொடுத்தவள், அவனுக்கு வழிவிட்டேனா?

இப்போதும் அந்த ரோட்டில் ரேஸ் நடக்கிறது அப்பா. வேகத்தடை போட்டார்கள். பையன்கள் அதையே தாண்டிக் குதிக்கிற விளையாட்டாக்கிவிட்டார்கள். போன மழைக்காலத்தில் பத்துபஸ்திப் பக்கம் ஒரு பையன் மின்கம்பத்தில் மோதிச் செத்துப்போனான். அவன் அக்காவோ தங்கையோ ஆஸ்பத்திரியில் யாரிடம் என்ன கேட்டுக்கொண்டு நிற்கிறாளோ என்று நினைத்தேன். சைலன்சர் இல்லாத வண்டிச் சத்தம் கேட்டால் அம்மா ஜன்னலைச் சாத்துகிறாள்.

பிரபு வந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை என்னைச் சிப்பிகாட்டுக்குக் கூப்பிட்டான். பஸ்ஸில் போனோம். இறங்கி நடந்து அந்த இடத்தில் நின்றான். தண்ணீர் ஓரத்தில் கண்டல் செடிகள் நன்றாக வளர்ந்திருக்கின்றன, கொக்குகள் உட்கார்ந்திருந்தன. ரோட்டின் நடுவைக் கைகாட்டிச் சொன்னான்.

"அப்பாவ நான் முன்னாடியே பாத்துட்டேன்க்கா. தபனுக்கு முன்னாடி. சைக்கிளப் பாத்ததுமே அப்பான்னு தெரிஞ்சிருச்சு."

அவன் காட்டிய இடத்தையே பார்த்தேன்.

"சத்தம் கேட்டு நின்னுருவாருன்னு நெனச்சேன். எங்கப்பாதானே, நின்னுருவாருன்னு. பிரேக்குல கால வச்சேன். வச்சா தபன் முன்னால போயிருவானேன்னு எடுத்துட்டேன்." காட்டிய கையை இறக்கிவிட்டு, "நான்தான் முன்னால போனேன்" என்றான்.

எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. பஸ் வரும்வரைக்கும் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்போது ஏறுவெயிலில் இரண்டு பையன்கள் பறந்து போனார்கள். பிரபு எழுந்து நின்று, கையை உயர்த்தி ஏதோ கத்தினான். அவர்கள் காதில் விழுந்திருக்காது. மறுபடி வந்து உட்கார்ந்தான்.

"இத யார்கிட்டயும் சொல்லல. கோர்ட்லயும் சொல்லல" என்றான்.

"நானும் சொல்ல மாட்டேன்."

"இல்லக்கா, எழுது. அப்பாவுக்கு எழுது. ஊர்ல நாலு பேரு படிக்கிற மாதிரி எழுது. என் பேரப் போட்டே எழுது."

நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். நன்றாக யோசித்துச் சொல் என்றேன். யோசிச்சிட்டேன் என்றான். நேற்று எழுதி முடித்ததும் அவனிடம் கொடுத்தேன். நீங்கள் இப்போது கேட்ட அத்தனையும் அவன் படித்ததுதான். ஒரு இடத்தில் மட்டும் விரலை வைத்து நிறுத்தினான். குளித்துவிட்டுப் போகலாம் என்றிருந்தேன் என்று அவன் சொன்ன இடம். அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றான். அது உண்மையா என்று நான் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் மாட்டேன்.

மழை முடிந்ததும் தபன் வெளியே வருவான் அப்பா. அவனைக் கூட்டிவர ஜெயில் வாசலுக்குப் பிரபுவும் வருகிறேன் என்கிறான். தபனுடைய அம்மாவிடம் போய்க் கேட்டான். வா என்றாராம். நானும் கூடப் போகிறேன். அவன் அங்கே என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரியாது. எதைச் சொன்னாலும், எவ்வளவு நேரம் சொல்லாமலே நின்றாலும், அவன் வாயைத் திறக்கும்வரை நான் வாய் திறக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் மூத்தவள்,
பிரபுவுக்கு அக்கா,
கலா