ஆறாவது கறி

காரைக்கால்,
வியாழக்கிழமை, லுஹர் தொழுதுவிட்டு.

அன்பு மகள் நஜீபாவுக்கு உன் வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் தங்கச்சி அஃப்ராவும் சுகமாக இருக்கிறோம், மூன்று பேர் துணியிலும் புகை வாசனை அடிக்கிறது என்பதைத் தவிர வேறு குறை இல்லை. லியோனில் குளிர் எப்படி இருக்கிறது, காதை மூடிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாயா என்று உம்மா முதல் வரியிலேயே கேட்கச் சொன்னாள், நான் மறந்து ஐந்தாவது வரியில் கேட்கிறேன், அவளிடம் சொல்லாதே. போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ ஒன்பது வார்த்தை சொல்கிறாய், நடுவில் உம்மா பிடுங்கிக்கொண்டு அழுகிறாள், கடைசியில் யார் என்ன முடிவு செய்தோம் என்று ஒருவருக்கும் தெரிவதில்லை. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். எட்டாம் வகுப்பை இரண்டு வருஷம் ஊன்றிப் படித்தவன் நான், பிழை இருந்தால் அது வாத்தியார் பிழை.

போன வாரம் நீ இரண்டு விஷயம் சொன்னாய். அஃப்ரா கல்யாணத்துக்கு நான் வரவில்லை வாப்பா, என்னால் வீட்டில் சண்டை வேண்டாம் என்றாய். நான் அனுப்பிய ஸ்மோக்கரையும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள், அதுதானே எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என்றாய். இரண்டுக்கும் சேர்த்து என் பதில், முடியாது. ஏன் முடியாது என்று சொல்கிறேன், நிதானமாகப் படி.

அந்தப் பெட்டி கப்பல் சரக்கில் வந்து இறங்கிய நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். பிளக்கை மாற்றுவதற்கு எலக்ட்ரீஷியன் கதிரவனைக் கூப்பிட்டேன், அவன் சுற்றிச் சுற்றிப் பார்த்து, 'என்ன பாய், ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கு, தொட்டா சுடுங்கிறீங்க' என்றான். கறிக்குப் புகை போடுகிற பெட்டி என்றேன். 'நாங்க கொசுவுக்குத்தான் போடுவோம்' என்று சொல்லிக்கொண்டே மாட்டிக் கொடுத்தான். குவைத்தில் பத்தொன்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவனுக்கு ஒரு மிஷின் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். நீ போனில் சொன்னதை எல்லாம் எழுதி வைத்துக்கொண்டு எதையுமே அதன்படி செய்யவில்லை. வேம்பு உடம்புக்கு நல்லது என்று வேப்பங்கட்டையைச் சீவிப் போட்டேன், குடலில் கறி அடைத்துச் செய்த சாசேஜ் கஷாயம் மாதிரி கசந்தது. அடுத்த தடவை பொறுமை இல்லாமல் எடுத்த எடுப்பிலேயே சூட்டை ஏற்றினேன், கொழுப்பெல்லாம் உருகிக் கீழ்த் தட்டில் நின்றது, மேலே தொங்கியது ஒவ்வொன்றும் ரொம்ப நேரம் தண்ணீரில் கிடந்தவன் விரல் மாதிரி சுருங்கிப் போயிற்று. அதற்கடுத்த தடவை ஆட்டுக் குடலை நானே உட்கார்ந்து சுரண்டி, கண்ணாடி மாதிரி ஆக்கி, உப்புப் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் தொழப் போனேன், திரும்பி வந்தால் அடுப்பில் குடல் குழம்பு கொதிக்கிறது. உன் உம்மா, 'இவ்வளவு சுத்தமா அலசிக் கொடுத்தீங்களே, இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது இப்படிச் செஞ்சீங்களா' என்று பாராட்டுகிறாள். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

கட்டைப் பிரச்சினை தீர்ந்தது உன்னால்தான். நீ வேலை பார்க்கிற கறிக்கடையில் பையில் அடைத்து வருகிற அமெரிக்கக் கட்டைக்கு நம்ம ஊர் சீமைக் கருவேலம் தங்கச்சி முறை என்று நீ சொன்னாயே, அன்றே டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு விழிதியூர் போனேன். வாய்க்கால் கரையில் அதை வெட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள், ஒரு மனுஷன் கேட்டு வாங்கிப் போகிறானே என்று இன்னும் இரண்டு கட்டு சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். ஊரே வேண்டாம் என்று வேரோடு பிடுங்குகிற மரம், புகை எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா. தோல் பிசுபிசுப்பு வரும்வரை காயவிட்டு, முதல் இரண்டு மணி நேரம் சூட்டை அடக்கி வைத்து, அப்புறம் மெல்ல ஏற்றி, கறிக்குள்ளே குத்திய சூடு பார்க்கிற கம்பி எழுபது காட்டியதும் எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டேன். சோம்பும் பூண்டும் மிளகும் புகையும் சேர்ந்து, தோல் பல்லில் படக்கென்று உடைந்தது. அஃப்ரா ஒன்றைக் கடித்துவிட்டு, 'வாப்பா, இது நஜீபா லாத்தா அனுப்பின வீடியோவுல இருக்கிற மாதிரியே இருக்கு' என்றாள், எனக்கு இந்தக் காரைக்கால் ஜில்லாவே கையில் கிடைத்த மாதிரி இருந்தது. நடுவில் ஒரு நாள் மழையில் நாலு மணி நேரம் கரண்ட் போய், சூடு நாற்பதிலேயே நின்றுவிட்டது, அரைகுறையாக வெந்ததைத் தின்னக் கூடாது என்று நீ சொன்னது நினைவிருந்தது, மனசைக் கல்லாக்கிக்கொண்டு முழுவதையும் குழி தோண்டிப் புதைத்தேன். சரியாக அப்போதுதானா உன் மாமா வர வேண்டும்? 'இதுக்குத்தான் பிள்ளைய பிரான்ஸுக்கு அனுப்பினோமா மச்சான்' என்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நிச்சயதார்த்தத்தன்று நடந்ததை மாமா உனக்குப் போன் செய்து அவர் பாணியில் சொல்லிவிட்டார் என்று தெரியும். என் பாணியிலும் கேள். அஞ்சு கறி சகன் ஏற்பாடு. எங்கள் சகனில் நான், உன் மாமா காஜா நஜ்முதீன், மாப்பிள்ளையின் வாப்பா நூருல் அமீன், அவர் தம்பி, ஆக நாலு பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். நெய்ச்சோற்றைச் சுற்றி ஐந்து கறியும் வைத்த பிறகு, ஓரத்தில் ஆறாவதாக என் சாசேஜைச் சாய்வாக நறுக்கி வைக்கச் சொல்லியிருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் விடமாட்டார்கள். மாமா, 'அதென்ன கறுப்பா' என்றார். மூத்தவள் சொல்லிக் கொடுத்தது, சாசேஜ் என்றேன். 'அது வெள்ளைக்காரன் அந்தப் பிராணியில செய்யிறதாச்சே, சகன்ல வைக்கலாமா' என்று சம்பந்தி காதில் விழுகிற மாதிரியே சொன்னார். கிடா நம்ம கிடா, அறுத்தவர் பிஸ்மி சொன்னதைக் காதால் கேட்டேன், குடலை அலசியது உங்கள் தங்கச்சி, இதில் எது ஹராம் என்று சொல்லுங்க மச்சான் என்றேன். அவர் நெய்ச்சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் சம்பந்தி, ஏதோ பேச்சை மாற்றுவோம் என்று, 'பெரிய பொண்ணு பிரான்ஸ்ல மாப்பிள்ளையோட இருக்குன்னு நஜ்முதீன் பாய் சொன்னாங்க, ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு வர்றாங்கதானே' என்று கேட்டார்.

எனக்கு அப்போதுதான் தெரிந்தது, மாமா அவர்களிடம் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறார் என்று. தட்டுக்குக் கீழே என் முழங்காலைப் பிடித்து அழுத்தினார், தலையாட்டு என்று அர்த்தம். நான் தலையாட்டவில்லை. இல்லை சம்பந்தி, அவள் அவனைப் பிரிந்து இரண்டு வருஷம் ஆகிறது, அவன் கை நீட்டினான், இப்போது தனியாக இருந்து கறிக்கடையில் வேலை பார்க்கிறாள், இந்த மிஷின் அவள் சம்பாத்தியம் என்றேன். ரொம்ப வீரமாகச் சொன்னேன் என்று நினைத்துவிடாதே. வாய் நிறைய நெய்ச்சோறு, பாதியில் விக்கல் பிடித்துக்கொண்டது, 'கை' என்றதும் ஒரு விக்கல், 'நீட்டினான்' என்றதும் ஒரு விக்கல். மாமா கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். நாலு பேர் உட்கார்ந்த சகனில் ஒருவர் பாதியில் எழுந்தால் மற்ற மூன்று பேர் முகத்திலும் தட்டைக் கவிழ்த்த மாதிரி, உனக்குத் தெரியாததா. கூடம் முழுக்க என் விக்கல் கேட்டது. நிச்சயம் முறிந்தது, இனி அஃப்ரா முகத்தில் எப்படி முழிப்பேன் என்றே நினைத்தேன். நூருல் அமீன் தண்ணீர்க் குவளையை என் பக்கம் தள்ளினார். அப்புறம் ஒரு துண்டு சாசேஜை எடுத்து மெதுவாக மென்றார், இன்னொன்று எடுத்தார். 'உப்பு ஒரு கல்லு கூட. பொண்ணு வந்தா குறைச்சுப் போடச் சொல்லுங்க' என்றார். சோற்றைத் தன் பக்கம் முழுவதும் வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

ஆகவே மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்குக் கஷ்டம், அவர்களுக்கு இவர்களுக்கு என்று நீ இனிமேல் சொல்லாதே. நீ வந்தால் நான் வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருப்பவர் உன் மாமா ஒருவர்தான். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய், ஆனால் முழுக்க அவரைச் சொல்லவும் முடியாது. உனக்கு அந்த மாப்பிள்ளையைக் கொண்டுவந்தது அவர், தலையாட்டியது நான். நீ இரண்டு தடவை போனில் அழுதாய், இரண்டு தடவையும் பொறுத்துக்கொள் என்று சொன்னதும் நான்தான், அது மாமா சொன்னது இல்லை. அதை எந்தப் புகையில் வைத்தாலும் நாற்றம் போகாது மகளே. அதனால்தான் இந்தத் தடவை யார் முழங்காலை அழுத்தினாலும் என் தலை ஆடாது. ஜமாஅத்தே வந்து உட்கார்ந்தாலும் சரி, தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டாலும் சரி, பெட்டியும் இருக்கும், பெண்ணும் வருவாள்.

பத்திரிகை அடித்தாகிவிட்டது. வரவேற்பவர்கள் வரிசையில் முதலில் 'நஜீபா, லியோன், பிரான்ஸ்' என்று தனியாக உன் பெயர், அதற்குக் கீழே மாமா பெயர், அவர் பெயரை நான் எடுத்துவிடவில்லை. முதல் பத்திரிகையை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன், கூடவே ஒரு டப்பாவில் சாசேஜ். பத்திரிகையைக் கையில் வாங்கவில்லை, மேசை மேல் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் டப்பா கழுவிக் காலியாகத் திரும்பி வந்தது. கோபம் என்றால் கறியோடு வந்திருக்க வேண்டும், சமாதானம் என்றால் உள்ளே ஏதாவது பலகாரம் போட்டு வந்திருக்க வேண்டும். இதற்கு என்ன அர்த்தம் என்று கூடப் பிறந்த உன் உம்மாவுக்கே புரியவில்லை.

ஆனால் உம்மா ஒன்று செய்தாள், அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன். அண்ணன் பேச்சுக்கு ஒரு நாளும் மறுபேச்சு பேசாதவள், முந்தாநாள் தானே போன் போட்டு அவரிடம் சொன்னாள், நான் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். 'காக்கா, கல்யாணத்தன்னிக்கு என் சகன்ல நானு, அஃப்ரா, சம்பந்தியம்மா, நாலாவது நஜீபா. அவ வரலைன்னா மூணு பேராத்தான் உட்காருவோம், அந்த இடத்துல வேற ஒருத்தரையும் உட்கார வைக்க மாட்டேன், ஊரு பாத்துட்டுப் போவட்டும்' என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அப்புறம் என்னைப் பார்த்து, பூண்டை ஏன் இவ்வளவு தோலோடு உரிக்கிறீங்க என்று திட்டினாள்.

நிக்காஹ் ஷவ்வால் பிறை இருபது. எல்லா சகனிலும் ஆறாவது கறி உண்டு என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டேன். எனக்குக் கறி அடைக்க வருகிறது, முறுக்கி விட வரவில்லை, நான் முறுக்கியது எல்லாம் பெட்டிக்குள் போனதும் அவிழ்ந்து ஒரே நீளமாகத் தொங்குகிறது, அதற்கு உன் கை வேண்டும். நாலு நாள் முன்னதாகவே வா. வேளைக்குச் சாப்பிடு, வேலை முடிந்து நடந்து வராதே, பஸ்ஸில் வா. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நிம்மதியையும் தரட்டும், உன்னை அழவைத்த எங்களையும் மன்னிக்கட்டும். மறக்காமல் அந்தச் சூடு பார்க்கிற கம்பி ஒன்று வாங்கி வா, பழையதை உம்மா சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வைத்துவிட்டாள், இப்போது அது பச்சைக் கறிக்கும் எழுபது காட்டுகிறது.

இப்படிக்கு,
தலையாட்டுவதை நிறுத்திவிட்ட உன் வாப்பா
மீரா சாகிப்