புக்கிட் மேரா ஏரியில் ஒரு கெலிசா

ஆயர் ஈத்தாம் சந்தையில் இன்று காலை, கோழிக்கடைக்காரர் கழுவிவிட்ட தண்ணீரோடு ஒரு சேவல் இறகு ஓடி வந்து என் செருப்பருகே நின்றது. செம்பழுப்பு நிறம், நுனியில் ஒரு மினுக்கு. குனிந்து எடுத்துத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கத்தரிக்காய் வாங்க வந்த கிழவன் கோழி இறகோடு போவதைப் பார்த்து அவர் சிரித்தார். நான் சுத்த சைவம் என்பது சந்தைக்கே தெரியும். நண்பா, உன்னோடு சேர்ந்து வந்த பழக்கம் இது, நீ போன பிறகும் என்னை விடவில்லை.

சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் சாமான்களை ஏலம் விட்டபோது, நம் ஆபீஸின் மற்ற கிளார்க்குமார் நாற்காலிக்கும் அலமாரிக்கும் கை தூக்கினார்கள். நீ ஒரு தூண்டில் கழியையும் பித்தளைச் சக்கரத்தையும் ஒரு தகர டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்தாய். கொக்கியில் இறகைக் கட்டிப் பூச்சி போலச் செய்து, அதைத் தண்ணீர்மேல் வீசி மீனை ஏமாற்றுவது துரைமார் வழக்கம். டப்பாவைத் திறந்தால் அந்துப்பூச்சி எல்லா இறகையும் அரித்து வெறும் கொக்கிதான் மிச்சம். "நெசப் பூச்சி பொய்ப் பூச்சியத் தின்னுடுச்சிப்பா" என்று ஒரு வாரம் சொல்லிச் சிரித்தாய். பிறகு நீயே கட்டக் கற்றுக்கொண்டாய். எஸ்பிளனேடு திடலில் புல்மேல் வீசிப் பழகியபோது, மாதா கோயிலுக்குப் போகிற பிள்ளைக்குப் பேய் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அந்தச் சிரிப்பெல்லாம் உன் மனைவி இருந்த காலம். பிரசவக் காய்ச்சலில் அவள் போனாள். மகள் ஆக்னஸ் அப்போது கைக்குழந்தை. நாகப்பட்டினத்தில் இருந்த உன் மாமியார் பிள்ளையை அனுப்பிவிடச் சொல்லிக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். உன் அக்கா குடும்பம் அந்த மாதக் கப்பலில் ஊருக்குப் போக இருந்தது, அவர்களோடு அனுப்புவதென்று முடிவாயிற்று. "ஆம்பள தனியா ஒரு பொட்டப்புள்ளய எப்பிடித் தம்பி வளர்ப்பே?" என்று அக்கா கேட்டார். குழந்தையின் துணிகளைப் பெட்டியில் அடுக்கி வைத்துவிட்டு, அந்தப் பெட்டியைப் பார்க்கப் பிடிக்காமல்தான் நீ என்னை ஏரிக்கு இழுத்தாய்.

துரையின் ஊரில் அது இலையுதிர் காலம். நமக்கு ஐப்பசி மழை, எனக்குக் கந்த சஷ்டி விரதம். அக்கரைக்குப் படகேறி, பிறை ஸ்டேஷனில் ரயில் பிடித்துத் தெற்கே போனோம். "விரதம் இருந்துக்கிட்டு மீன் புடிக்க வர்ற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றாய். "பாவம் ஒனக்கு, வேடிக்கை எனக்கு" என்றேன். வழி நெடுக நாம் பேசியது அவ்வளவுதான்.

புக்கிட் மேரா ஏரியை நீ எனக்கு முதன்முதலில் காட்டிய நொடியை என்னால் இன்றும் சரியாகச் சொல்ல முடியவில்லை. ரயில் நேராகத் தண்ணீருக்குள் போனது. இரண்டு பக்கமும் ஏரி, நடுவே மேடு கட்டித் தண்டவாளம். காடு இருந்த இடத்தில் நீரைத் தேக்கியிருந்தார்கள். பட்டுப்போன மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன, அவற்றின் நிழல்கள் தலைகீழாக. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் கந்தா என்றேன், நீ மாதாவே என்றாய். எதிரே இருந்த சீனக் கிழவர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கரையிலிருந்த மலாய்க்காரர் ஒருவரிடம் சம்பான் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். துடுப்பு என் கையில், கழி உன் கையில். திடலில் பார்த்துச் சிரித்த வித்தையை அன்றுதான் நான் உண்மையில் பார்த்தேன். நூல் உன் தலைக்குப் பின்னால் நீண்டு, ஒரு கணம் காற்றில் படுத்திருந்து, பிறகு முன்னால் விரிந்து போயிற்று. அதன் முனையில் எடையே இல்லாத ஓர் இறகு. அது நீரில் இறங்கியபோது வட்டம்கூட எழவில்லை. நீ மாதக்கணக்கில் எதையும் இவ்வளவு நிதானமாகச் செய்து நான் பார்த்திருக்கவில்லை.

மழை தூற ஆரம்பித்திருந்தது. ஒரு மரத்தடியில் நீ நூலை இழுத்தபோது கழி வளைந்தது. பெரிய இழுப்புதான், ஆனால் அந்த மீன் துள்ளவில்லை, தலையை ஒருபோதும் வெளியே காட்டவில்லை. கனத்த எதையோ பத்திரமாகக் கொண்டுபோகிறாற்போல ஆழத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. படகோரம் வந்ததும் பார்த்தோம். கெலிசா, இந்த ஏரிகளில் அரிதாகக் கிடைக்கும் மீன். காசளவு செதில்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் பொன் பூசியிருந்தது. அது இறகைக் கடிக்கவே இல்லை, கொக்கி மீனின் பக்கத் துடுப்பின் அடியில் தற்செயலாக மாட்டியிருந்தது. தாடை மட்டும் புடைத்து, வாய் இறுக மூடியிருந்தது.

நீ கையை நீருக்குள் விட்டுத் தொட்டதும் அந்த வாய் திறந்தது. உள்ளேயிருந்து குஞ்சுகள் வந்தன. விரல்நீளம்கூட இல்லை, ஒவ்வொன்றின் வயிற்றிலும் செம்மணிபோல முட்டைக்கருவின் மிச்சம். அவ்வளவு சின்ன உயிர்கள் அவ்வளவு பெரிய வாயிலிருந்து ஒவ்வொன்றாக வெளியேறுவதைப் பார்த்து நான் துடுப்பை நழுவவிட்டேன். நீ கொக்கியை எப்படிக் கழற்றினாய் என்று தெரியாது.

விட்டதும் ஓடிவிடும் என்று நினைத்தோம். அது ஓடவில்லை. நம் படகுக்கடியிலேயே, தன்னைப் பிடித்தவர்களின் நிழலிலேயே, வாயைத் திறந்துகொண்டு நின்றது. மழைக்குள் நாம் மூச்சுவிடவும் பயந்து குனிந்திருந்தோம். சிதறிய குஞ்சுகள் ஒன்றாய், இரண்டாய்த் திரும்பி வந்து உள்ளே போயின. கடைசிக் குஞ்சு வழி தெரியாமல் படகைச் சுற்றியது, அதற்காகவும் அது நின்றது. பிறகு வாயை மூடிக்கொண்டு இருட்டான தண்ணீருக்குள் இறங்கியது. எத்தனையோ கோயில்களில் நின்றிருக்கிறேன், அன்று சம்பானில் இருந்ததுபோல எங்கும் நான் இருந்ததில்லை.

"வாயில புள்ளைங்கள வச்சிக்கிட்டு அது எப்பிடிப்பா சாப்புடும்?" என்று கேட்டாய்.

"சாப்புடாது போல. தாயாச்சே."

நீ தலையாட்டினாய். கழியை அன்று மறுபடி எடுக்கவில்லை.

திரும்பும் ரயிலில் பிறை ஸ்டேஷன் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாப்பாவ நான் அனுப்பலப்பா" என்றாய்.

"அக்காகிட்ட யாரு சொல்றது?"

"நீதான். நீதான் விரதம் இருக்குறே, ஒனக்குச் சாமி தொணை."

அக்காவிடம் நான் வாங்கிய வசவு அந்த விரதத்தின் பலன் என்று வைத்துக்கொள்கிறேன். நீ வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டுச் சீன நோன்யா அம்மா பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள், மற்ற நேரமெல்லாம் நீ. இறகு கட்டிய விரல்கள் சடை பின்னின. முதல் நற்கருணைக்கு அவள் போட்ட வெள்ளைக் கவுனில் நீ வைத்த தையல் கோணல்மாணலாக இருந்ததை நான் கேலி செய்தேன், நீ ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுமணப் பேச்சு எடுத்தவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாய். ஏரிக்குப் பிறகும் போனோம், ஆனால் கெலிசா குஞ்சு சுமக்கும் ஐப்பசியில் மட்டும் நீ வரமாட்டாய்.

அந்தப் பெட்டியைப் பற்றி ஆக்னஸிடம் நீ சொன்னதேயில்லை. உன் நினைவுப் பூசை முடிந்த அன்று நான்தான் சொன்னேன், கப்பல், ஏரி, கெலிசா எல்லாம். பள்ளியில் விலங்கியல் கற்பிக்கிறவள் அல்லவா, கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டவள் நடுவில் நிறுத்தினாள்.

"தாயின்னா சொன்னீங்க மாமா? கெலிசாவுல குஞ்சுகள வாயில வச்சுக் காப்பாத்துறது ஆம்பளதான். பொம்பள முட்டை போட்டுட்டுப் போயிடும். அப்பாவுக்கு இது தெரியுமா?"

தெரியாது என்றேன்.

தாயால்தான் முடியும் என்று நம்பிக்கொண்டு, ஒரு தாயைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறவனாகத்தான் நீ அவளை வளர்த்தாய். சரியாகச் செய்கிறேனா என்று கடைசிவரை என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாய். அன்று இது தெரிந்திருந்தால் உனக்கு எவ்வளவு தைரியமாக இருந்திருக்கும். சொல்ல வழியில்லாமல் இதைச் சுமந்துகொண்டிருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். நம் படகுக்கடியில் வாயைத் திறந்துகொண்டு காத்து நின்றது ஒரு தகப்பன், நண்பா.