பத்து மார்க் வெள்ளிக்காசு

காக்ஸ் டவுன், பெங்களூர்
20.1.2002

அன்பு மகள் பிலோமினாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம், ஜெர்மனியில் அந்தப் பனியில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். கிறிஸ்துமஸுக்கு நீ போட்ட கார்டு பொங்கல் கழித்துத்தான் வந்தது, அம்மா அதை டி.வி. மேலேயே வைத்திருக்கிறாள். மெயின் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், பூசைக்குப் போக ஆட்டோக்காரன் மீட்டருக்கு மேல் பத்து ரூபாய் கேட்டான், நான் கொடுப்பேனா, நடந்தே போனோம், அம்மா வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

உங்கள் ஊரில் மார்க் போய் யூரோ வந்துவிட்டதை டி.வி.யில் காட்டினார்கள். ஜாக்கிரதையாக இரு. ஐம்பத்தேழில் இங்கே நயா பைசா வந்தபோது நான் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் இருந்தேன், ஓரணாவுக்கு ஆறு பைசாவா ஏழு பைசாவா என்று தினம் ஒருத்தன் சட்டையைப் பிடிக்காத குறை. யூரோவில் விலை பாதியாகத் தெரியும், சல்லிசு என்று அள்ளி வராதே, சம்பளமும் பாதியாகத்தான் தெரியும்.

இனி சொல்லவந்த விஷயம். எழுபத்து மூன்றில் நீ நர்ஸாகி முதல் சம்பளம் வாங்கியதும், லீவில் வந்த ஒரு சிஸ்டர் கையில் எனக்கென்று ஒரு பத்து மார்க் வெள்ளிக்காசு கொடுத்தனுப்பினாயே, ஒலிம்பிக் பந்தயத்துக்கு அடித்தது, ஒரு பக்கம் கழுகு, மறுபக்கம் முறுக்குப் பிழிந்த மாதிரி சுற்றுச் சுற்றாக இருக்கும். அது தொலைந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, பொய். பீரோவில் ரேஷன் கார்டு உறைக்குள் இருபத்தெட்டு வருஷமாக இருக்கிறது. நீ போனது எனக்குப் பிடிக்கவில்லை. வெள்ளைக்காரனுக்குப் பீத்துணி அலசப் பெண்ணை அனுப்பிவிட்டு ஞானசேகரன் உட்கார்ந்து தின்கிறான் என்று கோவில் வாசலில் ஒருத்தன் சொன்னது என் காதில் விழுந்தது. உன் காசைத் தொடமாட்டேன் என்று அன்றைக்குப் பிடித்த வீம்பு. நீ அனுப்பிய டிராஃப்டையெல்லாம் திருப்பி அனுப்பினேன், லீவில் கொண்டுவந்த சாக்லேட்டை மட்டும் வெட்கமில்லாமல் தின்றேன்.

போன வாரம் பக்கத்து வீட்டு கோவிந்தப்பா, பேங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர், டி.வி. செய்தியைப் பார்த்துவிட்டு, ஃபெப்ரவரி முடிஞ்சா அங்க எந்தக் கடையிலயும் மார்க் எடுக்கமாட்டாங்க சார், நோட்டுன்னா இங்க மாத்தலாம், காசை எந்த பேங்கும் தொடாது, இருந்தா வெள்ளிக்கடையில எடைக்குப் போட்டுடுங்க என்றார். அப்படியே தலைமுழுகிவிடலாம் என்று கமர்ஷியல் ஸ்ட்ரீட் போனேன். சேட்டு எடை போட்டார், பதினைந்தரை கிராம். கலப்பு இருக்கும் சாமி, ஓரத்துல கொஞ்சம் ராவிப் பாக்கணும் என்று அரத்தை எடுத்தார். எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, எட்டிப் பிடுங்கிக்கொண்டு, கை வெக்காதய்யா, அது எம்பொண்ணோட மொத சம்பளம் என்று கத்திவிட்டேன். கடையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

பிலோ, அதை உன் சம்பளம் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னேன். அதுவரை ஜெர்மன்காரன் காசு என்றுதான் சொல்லிவந்தேன். இருபது வயசில் பாஷை தெரியாத ஊரில் கால்கடுக்க நின்று சம்பாதித்துப் பெற்றவனுக்கு அனுப்பினாய், நான் ஒரு வாய் வார்த்தைகூடச் சொல்லவில்லை. தப்பு என்னுடையதுதான் கண்ணு, ஊர் வாய்க்குப் பயந்து உன்னை நோகடித்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அழுதேன், கண்டக்டர் உடம்புக்கு என்ன என்று கேட்டான், தூசி என்றேன். அம்மாவிடம் சொன்னதற்கு, இத்தனை வருஷம் கழிச்சா புத்தி வந்தது என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அவளும் அழுதாள்.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். உனக்கு நெற்றியில் நான் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள், ஆண்டவர் உன் கூடவே இருப்பார். மறந்துவிடாதே, வெளியே போகும்போது காதை மூடிக்கொள். இன்னொன்றும் மறக்காதே. எனக்கு இடது கண்ணில் புரை, ஈஸ்டருக்கு முன்னால் ஆபரேஷன் என்கிறார்கள். ரயில்வே ஆஸ்பத்திரியில் இலவசமாகவே செய்துவிடுவார்கள், செலவு ஒன்றும் இல்லை. ஆனாலும் நீ பணம் அனுப்பு. இந்த முறை வாங்கிக்கொள்கிறேன்.

உன் அப்பா,
ஞானசேகரன்