கை தட்டியவர்கள் வரவில்லை, அண்ணா

என் வரதண்ணாவுக்கு,

நம் கடைத்தெருச் சுவரில் உன் பெயரை எழுதியிருக்கிறார்கள். 'எல்லைத் தலைவர்' என்று சிவப்புச் சாயத்தில், ஆள் உயரத்துக்கு. மேலே தமிழில், கீழே தெலுங்கில். அதைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அன்பாகத்தான் தொடங்க நினைத்தேன். வரவில்லை.

நீ தலைவனாகப் பிறந்தவன் இல்லை. தையல் மெஷினுக்குப் பின்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவன். நாலு பேர் நடுவில் நீ வாயைத் திறந்தால் நம்மைப் பெற்ற நைனா, "உனுக்கு இன்னாடா தெரியும், கம்னு இரு" என்பார். நீயும் அடங்கிவிடுவாய். உன் குரல் எப்படி இருக்கும் என்று பக்கத்துக் கடைக்காரருக்கே சரியாகத் தெரியாது.

ஆந்திரா தனி மாநிலமாகி நகரியும் அதோடு போன பிறகுதான் சந்தை மேட்டில் கூட்டங்கள் தொடங்கின. தமிழ் பேசுகிற ஊரைத் தமிழ்ப் பக்கம் சேர்க்கச் சொல்லிக் கேட்டோம். அது நியாயம்தான், இன்றைக்கும் சொல்வேன். ஒரு கூட்டத்துக்குப் பட்டணத்திலிருந்து வரவேண்டியவர் ரயிலைத் தவறவிட்டார். ஜனம் கலைந்துவிடக் கூடாதென்று யாரோ உன்னை மேடையேற்றிவிட்டார்கள்.

நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வேண்டும் என்றாய், சும்மா கேட்டார்கள். தாலுகா ஆபீசில் பேசுவது நமக்குப் புரியவில்லை என்றாய், ஒருவர் கொட்டாவி விட்டார். பிறகு தடுமாறி, "அவங்க நம்மள மனுசனாவே மதிக்கல" என்றாய். மைதானமே அதிர்ந்தது. நீ திடுக்கிட்டு நிமிர்ந்தாய். உன் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அடுத்த கூட்டத்தில் 'அவங்க' பல தடவை வந்தது. அதற்கடுத்ததில் பள்ளிக்கூடம் வரவே இல்லை. கூட்டம் உன் பின்னால் வருவதாக நீ நினைத்தாய். எதற்குக் கை தட்டினார்களோ அந்தப் பக்கம் அவர்கள்தான் உன்னை நடத்திக்கொண்டு போனார்கள். அது உனக்குத் தெரியவில்லையா, அண்ணா? இல்லை, தெரிந்தும் வேண்டியிருந்ததா?

அந்த 'அவங்க'வில் என் வீட்டுக்காரர் ராமய்யாவும் உண்டு. நம் சாதி, நம் நெசவு, வீட்டுக்குள் பேசுவது மட்டும் தெலுங்கு. நீயே பார்த்து முடித்த சம்பந்தம். தெலுங்கு வீடுகளோடு கொடுக்கல் வாங்கல் கூடாது என்று நீ மேடையில் சொன்ன மறுநாள் கடைக்கு வந்து, என் வீடும் அதில் சேர்த்தியா என்று கேட்டேன். துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆளுக்கொரு ஞாயம் பேசிக்கினு இருந்தா எவன் என் பின்னால வருவான், கோமளா?" என்றாய்.

எதிர்வீட்டு வள்ளியம்மா என் பிரசவத்துக்குக் கூட இருந்தவள். தனியாக வந்தால் அப்போதும் சிரிப்பாள். நாலு பேரோடு வந்தால் அவளுக்கு என்னைத் தெரியாது. கெட்டவள் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எல்லைப் பேச்சு முறிந்துவிட்டது என்று புரளி கிளம்பிய அன்று, ஊர்வலம் எங்கள் சாயப்பட்டறைப் பக்கம் திரும்பியது. நீதான் முன்னால் வந்தாய். கண்ணப்பன், உன் வலது கையாக இருந்தானே அவன், தொட்டியை உடைக்க ஆரம்பித்தான். அடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. ராமய்யா அதன் குறுக்கே நின்று, "பாவா, செப்பு பாவா" என்று உன்னைக் கூப்பிட்டார். 'இவங்ககிட்ட சொல்லு மச்சான்' என்றுதான் கெஞ்சினார். பதற்றத்தில் அவருடைய வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

நீ தடுக்கத்தான் கையைத் தூக்கினாய். நான் பார்த்தேன். ஆனால் தெலுங்கில் உன்னை உறவு சொல்லிக் கூப்பிட்டதும் அத்தனை முகமும் உன் பக்கம் திரும்பியது. நீ அந்த முகங்களைப் பார்த்தாய். கை தானாக இறங்கிவிட்டது. அண்டா கவிழ்ந்தது. ராமய்யாவின் வலது கை விரல்கள் வெந்து ஒட்டிப்போயின. அதன்பிறகு அவர் தறியிலும் உட்காரவில்லை, சாயமும் போடவில்லை.

கடைசியில் திருத்தணி தமிழ்ப் பக்கம் போயிற்று, நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. அப்போது உன் ஜனம் எங்கே போயிற்று? புதிய அதிகாரி வந்த அன்று முதல் மாலை போட்டவன் கண்ணப்பன். தெலுங்கில் வரவேற்றுப் பேசினான், பிழையில்லாமல். ஊரைக் கெடுத்தது நீதான் என்று சொல்லத் தொடங்கியவனும் அவனே. உன் கடைக்கு ஒரு ரவிக்கை தைக்கக்கூட ஆள் வரவில்லை. திருப்பதிக்குப் போய்ச் சன்னிதித் தெருப் பக்கம் ஒரு ஒண்டுக் கடையில் தைத்தாய்.

கடைசி நாளில் நான் உன் தலைமாட்டில் இருந்தேன். ராமய்யா வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. அவரைப் பற்றிக் கேட்பாய் என்று காத்திருந்தேன். அந்தக் கை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை. நீ கண்ணைத் திறந்து, "வெளிய ஜனம் நிக்கிதா?" என்றாய்.

"நிக்கிறாங்கண்ணா."

"நெறய பேரா?"

"தெரு கொள்ளல."

வாசலில் தாயில்லாத உன் மகள் சாவித்திரி மட்டும் நின்றிருந்தாள். நீ சிரித்துக்கொண்டே போனாய். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சுவரில் உன் பெயரை எழுதவைத்த கண்ணப்பன் இப்போது பஞ்சாயத்து சமிதித் தேர்தலில் நிற்கிறான். பக்கத்து மேலூர்க்காரர்கள் ஏரித் தண்ணீரை மறிக்கிறார்கள் என்று பேசிக்கொண்டு திரிகிறான். தண்ணீர் வராததற்கு மதகு இடிந்து கிடப்பதுதான் காரணம் என்று அவனுக்கும் தெரியும். மதகைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்? நேற்று என் வீட்டுக்கு வந்து, மேடையில் வைக்க உன் போட்டோ வேண்டும் என்றான். ராமய்யா உள்ளே எழுந்து போய்விட்டார். தரமாட்டேன் என்றேன். "பழசெல்லாம் இன்னாத்துக்குக்கா இப்போ?" என்றான், அவ்வளவு சாதாரணமாக.

சாவித்திரி இப்போது என்னிடம்தான் இருக்கிறாள். அப்பா பெரிய தலைவர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்கிறாள். அவளுக்கு விவரம் தெரியும் வயது வரட்டும். பட்டறையில் நடந்ததை அவளை என் பக்கத்தில் உட்காரவைத்து ஒன்றுவிடாமல் சொல்வேன். ராமய்யாவும் அப்போது கூட இருப்பார். அவள் அழுதாலும் நிறுத்தமாட்டேன். உன்னை வெறுக்கச் சொல்லவும் மாட்டேன். இது உன் மேல் சத்தியம், அண்ணா.

கோபம் தீராத, உறவும் விட்டுப்போகாத
உன் கூடப்பிறந்தவள்,
கோமளா