உள்ளங்கையில் நாற்பது

பிப். 3, செவ்வாய்

காலையில் பனி, பத்து மணிக்கே சுள்ளென்று வெயில். அயர்லாந்து நர்ஸ் வேலைக்கான இங்கிலீஷ் தேர்வுக்கு இன்னும் நாலு நாள். மூன்றாவது முறை. மற்ற பகுதிகளில் தேறிவிட்டேன். காதால் கேட்டு எழுதுவதுதான் எமன். முதலில் 320 மார்க், அப்புறம் 330. வேண்டியது 350. அயர்லாந்து ஆஸ்பத்திரியில் இந்த மாதக் கடைசி வரைதான் எனக்கு இடம் வைத்திருப்பார்கள்.

கஷ்டம் இங்கிலீஷ் இல்லை. ஒரே நேரத்தில் மூன்று வேலை. காது ஓடுகிற பேச்சைக் கேட்க வேண்டும், கண் அடுத்த கேள்வியைப் படிக்க வேண்டும், கை முந்தின விடையை எழுத வேண்டும். ஒரு தடவைதான் ஓடும். தனியாகப் பன்னிரண்டு பெட் பார்க்கிற நர்ஸ் நான். அங்கே வராத நடுக்கம் இங்கே வருகிறது.

சமைத்துக்கொண்டே பயிற்சி. என் வீட்டுக்காரருடைய அம்மா: “அம்மிணி, ரசம் பொங்கி ஊத்துது பாரு! காதுல என்னத்த மாட்டிக்கிட்டு நிக்கிற?” ஏழு கேள்விக்கு நாலு சரி. ரசம் போச்சு.

பிப். 5, வியாழன்

பகல் டூட்டி. 4-ம் பெட்டுக்கு ட்ரிப், 9-ம் பெட்டுக்கு பிரஷர், போனில் டாக்டர். எப்போதும்போல் இடது உள்ளங்கையில் குறிப்பு: 9 – 100/60. நோட்டு வராண்டா முனையில். அங்கே போய்ச் சேர்வதற்குள் நாலு பேர் கூப்பிடுவார்கள். எங்கள் எல்லாருக்கும் கைதான் நோட்டு. கூட வேலை பார்க்கும் மல்லிகா: “ஏனுங்க்கா, அயர்லாந்து போயும் கையிலதான் எழுதுவீங்களா?” சிரித்தேன்.

ஹால் டிக்கெட் பிரிண்ட் – 2. வயிற்றுக்கு மாத்திரை. பாப்பாவுக்கு சாக்ஸ்.

அவர்: “இதுலயும் ஆகலீன்னா உட்ரு சாமி. பாப்பாவ உட்டுப்போட்டு நீ போறதுக்கே எனக்கு மனசில்ல.” கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

பிப். 7, சனி

பரமத்தி வேலூரில் பஸ் ஏறி, நாமக்கல் மாறி, சேலம். அவரும் வந்தார். “பயப்படாத. நா இங்கியேதான் நிக்கறேன்.”

எழுதவே பயமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

முதல் பகுதி நன்றாகப் போனது. இரண்டாவதில் ஒரு நர்ஸ் டாக்டரிடம் நோயாளியைப் பற்றிச் சொல்கிறாள். மருந்து அளவு நாற்பது. நான் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தேன். வார்டுப் பேச்சைக் கேட்டதும் கை பழக்கத்துக்குப் போய்விட்டது. இடது உள்ளங்கையில் 40. எழுதியதே எனக்குத் தெரியாது.

சரிபார்க்க இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். மேற்பார்வை அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

“கையத் திருப்புங்க.” திருப்பிய பிறகுதான் நானே பார்த்தேன்.

“மேடம், நான் நர்ஸுங்க. பழக்க தோசமுங்க. இப்பத்தான் எழுதினேன்.”

“எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க. நான் ரிப்போர்ட் போடணும்.”

தாளில் அந்தக் கட்டம் காலி. விடை நாற்பது என்று தெரியும். அந்த அம்மா பார்க்கும்போது எழுதினால் காப்பி அடித்ததாகவே ஆகிவிடும் என்று பயம். எழுதாமலே கொடுத்துவிட்டேன். பிறகு என் கையைப் போட்டோ எடுத்தார்கள்.

வெளியே அவர்: “எப்படி?”

“பரவால்லீங்க.”

பஸ்ஸில் துப்பட்டாவுக்குள் கையைப் பொத்திக்கொண்டு வந்தேன்.

பிப். 10, செவ்வாய்

மெயில். முடிவு நிறுத்திவைப்பு. மூன்று நாளில் விளக்கம் வேண்டுமாம். காப்பி என்று முடிவு செய்தால் இனி எழுதவே விடமாட்டார்கள்.

மல்லிகாதான் யோசனை சொன்னாள். டூட்டி முடிகிற நேரத்தில் ஐந்து சிஸ்டர்களின் உள்ளங்கைகளை வரிசையாக வைத்துப் போட்டோ. ஐந்திலும் பிரஷர், காய்ச்சல், சுகர். விளக்கத்தோடு அனுப்பிவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப். 20, வெள்ளி

டூட்டியில் மெயில். மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திறந்தேன். விளக்கம் ஏற்கப்பட்டது. என்மேல் தவறில்லை. அப்பாடா என்று சுவரில் சாய்ந்துவிட்டேன். அப்புறம்தான் கீழே பார்த்தேன்.

340.

இன்னும் ஒரே ஒரு விடை எழுதியிருந்தால் 350. கையிலேயே இருந்தது. யாரும் எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. நானேதான் பயந்தேன்.

அவர் போன் அடித்தது. எடுக்கவில்லை. வெளியே யாரோ, “சிஸ்டர், ஒம்பதாம் பெட்ல தல சுத்துதுங்கறாங்க!” போனேன். 90/60. கையில்தான் எழுதினேன்.