மாமன் காதில் வேப்பங்குச்சி

திருவாரூர் பக்கம்,
புரட்டாசி 20

அன்புத் தங்கை குந்தவைக்கு, உன்னைப் பெறாமல் வளர்த்த அண்ணன் பஞ்சநதம் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி தங்கமணி, இரண்டு பசு, வாய்க்காலில் முழங்கால் தண்ணீர் எல்லோரும் நலம், என் இடது காது மட்டும் நலமில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் மருமகள் கலைமகளும் கனடாக் குளிரில் உறையாமல் இருக்கிறீர்களா என்று எழுது.

காதுக்கு என்ன கேடு என்றால், எல்லாம் நீ போன மாதம் அனுப்பிய செய்தியால் வந்தது. பிள்ளைக்கு ஆறு வயதாகிறது, இந்தத் தையிலாவது கூட்டிக்கொண்டு வா, என் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவோம் என்றதற்கு, "அவ குழந்தைப் பருவத்தை மதிக்கணும்ணே, பெரியவளாகி அவளே முடிவு பண்ணட்டும்" என்று எழுதினாயே, சோழ தேசம் உண்டான நாளிலிருந்து ஒரு தாய்மாமனுக்கு இப்படி அவமானம் நடந்ததுண்டா? குழந்தைப் பருவத்துக்கு எனக்கே பொருள் சொல்கிறாயா? ஆத்திரம் தாங்காமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தும் விஜயலட்சுமி டீச்சரிடம் கேட்டேன். "குழன்னா இளசுங்க, அதுலேர்ந்துதான் குழவி, குழந்தை எல்லாம்" என்றார். பார்த்தாயா, இளசு! நாற்றை இளசாகத்தானே பறித்து நடுகிறோம், முற்றவிட்டு, நாற்றே நீ எந்த வயலுக்குப் போகிறாய் என்று எவனாவது கேட்பானா? இப்படி முப்பத்திரண்டு வாதங்களோடு வீடியோ காலில் கலைமகளிடமே முறையிட்டேன். "காது என்னுது மாமா, நீங்க மொதல்ல குத்திக்கிட்டுக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டாள்.

பின்வாங்குவேனா? ஐம்பத்தாறு வயதில், நகை செய்யும் பத்தரை வீட்டுக்கு வரவழைத்தேன். "இது காதா, எருமைத் தோலா?" என்று கேட்டுக்கொண்டே அந்த மனுஷன் குத்தினார். நான் போட்ட சத்தத்தில் பேராவூரணியில் தேங்காய்கள் உதிர்ந்ததாகக் கேள்வி. துளையில் வேப்பங்குச்சியோடு கலைமகளுக்குக் காட்டினேன், வலிச்சுதா மாமா என்றாள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அந்த முகத்தைப் பார்த்தால் பொய் வரமாட்டேன் என்கிறது. வலிச்சுதும்மா என்றேன். "அப்ப எனக்கு வேணாம்" என்று விளையாடப் போய்விட்டாள். உன் அண்ணி இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

சரி, காது அவளுடையது, குத்தட்டும், குத்தாமலே இருக்கட்டும். ஆனால் தைக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா, சும்மா வந்து என் மடியில் உட்காரட்டும். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல், மூவரும் குறைவில்லாமல் இருக்க என் ஆசி. டிக்கெட் போடுவதைத் தள்ளிப்போடாதே. அன்றைக்கு அவள் எழுந்து ஓடும்போது பார்த்தேன், கால் எவ்வளவு நீண்டுவிட்டது, அடுத்த வருஷம் மடி கொள்ளாது.

இப்படிக்கு,
உன் அண்ணன்
பஞ்சநதம்