நாலு மைப்புள்ளி

கண்ணான மகளுக்கு,

நான் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு டீச்சர் எழுதுகிறார்.

ஆற்றுப்பாலம் இடிந்து, பஸ்ஸெல்லாம் ஊரைச் சுற்றிப் போன வருஷம். எலும்பைத் தொட்டுப் பார்த்து வைத்தியம் சொல்லித்தரும் உங்கள் ஆஸ்டியோபதி கல்லூரியில் நான் வாட்ச்மேன். படிக்கிற பிள்ளைகள் முதுகைத் தொட்டுப் பழக மேசையில் படுத்துக்கொடுக்கும் வேலை உன் அம்மாவுக்கு.

ஒருநாள் வகுப்பு தொடங்குவதற்கு முன்னால், நாலு வாத்தியார்கள் அவள் முதுகைத் தடவி, அசையாமல் பூட்டிக்கொண்ட எலும்பு எதுவென்று ஆளுக்கோர் இடத்தில் மைப்புள்ளி வைத்தார்கள்.

"என்னய்யா இது, கோலம் போடுறீங்களா?" என்றார் நாலு பேரில் மூத்தவர்.

"கோலம் கிடக்கட்டும் சார். வலிக்கிற இடத்துல ஒருத்தரும் வைக்கலையே!" என்றாள் உன் அம்மா.

கதவைத் திறந்துவிட வந்த நானும் சேர்ந்து, எல்லோரும் சிரித்தோம். கோளாறு சிறுநீரகத்தில் என்று பிறகுதான் தெரிந்தது. அதிலேயே அவள் போனது உனக்கே தெரியும்.

இப்போது அங்கேயே ஆராய்ச்சி செய்யும் நீ, வாத்தியார்கள் தொட்டுக் காட்டும் இடங்களைக் கருவி வைத்து அளந்திருக்கிறாய். தேர்ந்த கைகளும் ஒரே இடத்தைக் காட்டுவதில்லை என்று வந்திருக்கிறது. வெளியிட்டால் பழைய வாத்தியார்களுக்கு அவமானம் என்று மேலே தடுக்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டாய்.

வெளியிடு தாயி. பிள்ளைகள் தொடுவதற்கு முன்னால், எங்கே வலிக்கிறது என்று வாயைத் திறந்து கேட்கப் பழகட்டும். நல்ல மனுஷர்கள்தான், நாலு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த அறையில் சிரித்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஆள்,

உன் அப்பா.